காவடிக்குச் சிந்து தந்த கவிஞர்

பழனிமலைத் தொடரிலே, கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் குறிஞ்சியாண்டவர் கோயிலருகே நின்றால், மூடுபனி விலகும் வேளையில் கீழே பழனி தெரியும். தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் அங்கே காவடிகள் வந்து குவியும். சென்ற ஆண்டு நானும் காவடி எடுத்தேன். உடன் வந்தோர் சிந்து பாடப் பாட, என் கால்கள் தாமே ஆடின. அந்தப் பாட்டைப் பாடியவர் யார் என்று வழியில் ஒரு பெரியவர் கேட்டார். யாரோ பாடிய நாட்டுப்பாட்டு என்றேன். அவர் சிரித்துவிட்டு நடந்தார். அச்சிரிப்பு என்னை நம் கல்லூரி நூலகத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கு நான் அறிந்துகொண்டவர் அண்ணாமலை ரெட்டியார். 1865ஆம் ஆண்டு நெல்லைச் சீமையைச் சேர்ந்த சென்னிகுளத்தில் பிறந்தவர். அவ்வூர் இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. இளமையிலேயே கவிபாடும் ஆற்றல் பெற்ற அவர், திருவாவடுதுறை மடத்திற்குச் சென்று உ.வே. சாமிநாதையரிடம் பாடம் கேட்டார். பின்னர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, வழிநடையில் பாடுவதற்கென்று ரெட்டியார் இயற்றியதே காவடிச்சிந்து.

தோளிலே காவடி, வளைவின் மேலே மயிற்பீலி. சுமை சரியாமல் சுழன்றாட வேண்டுமானால், பாட்டின் தாளம் காலுக்குத் துணைநிற்க வேண்டும். கற்றோர் போற்றும் எதுகையையும் இயைபையும் அகப்பொருள் சுவையையும், நடந்து வரும் எளிய அடியவரின் காலுக்கு ஏற்ப அமைத்துத் தந்தார் அவர். மடத்தில் கற்ற புலமையைத் தெருவில் நடப்போர்க்கு வழங்கிய வள்ளல் என்றே அவரைச் சொல்லத் தோன்றுகிறது. பின்னாளில் பாரதியாரும் சிந்து வடிவத்தைப் போற்றிக் கையாண்டார்.

1891இல் ரெட்டியார் மறைந்தபோது அவருக்கு வயது 26. நம்மைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்! மலேசியாவின் பத்துமலை வரை தமிழர் காவடி எடுத்து ஆடுகின்றனர். ஆயினும் அந்த ஆட்டத்திற்குச் சிந்து தந்தவரை, காவடி சுமந்த நானே அறியாதிருந்தேன். பாட்டு மக்களுடையதாகிவிட்டது அவருக்குப் பெருமை. பெயரை மறந்தது நமக்குச் சிறுமை.

அடுத்த பங்குனியிலும் பழனிக்கு நடப்பேன். அந்தப் பெரியவர் எதிர்ப்பட்டால், அவர் கேட்கும் முன்னரே சென்னிகுளத்தாரின் பெயரைச் சொல்வேன். நண்பர்களே, உடன் வரும் நீங்களும் சொல்லுங்கள்.