மலையின் ஓசை கேட்ட புலவர்

சவ்வாது மலையடிவாரத்தே அமைந்த செங்கம், சங்க காலத்தில் செங்கண்மா எனப் பெயர் பெற்றுத் திகழ்ந்தது. அதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் ஆவார். இப்புலவர்தம் உள்ளத்தை அறிய அவர் பாட்டே நமக்குத் துணை.

பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையால் வாடிவரும் மற்றொரு கூத்தனுக்கு வழிகூறும் முறையில் 583 அடிகளில் அவர் பாடினார். மன்னன் புகழே பாடவந்த பொருளாயினும், அவர் செவி மலைவாழ்வின் ஓசைகளிலேயே ஊன்றி நின்றது. அருவி முழக்கம் மட்டுமோ? தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, பலாச்சுளையைக் கன்றுகளால் மிதிப்பித்துக் கொட்டை பிரிக்கும் சிறுவரின் ஆரவாரம், புலி பாய்ந்து புண்பட்ட கணவரைக் காக்கக் கொடிச்சியர் பாடும் பாட்டு ஆகியவற்றையும் கேட்டார். மலைப்பிளவில் வீழ்ந்த குட்டிக்காக மந்தி தன் கிளையொடு அரற்றும் பூசலையும் அவர் விட்டாரில்லை. மன்னன் அளித்த பரிசிலினும் இவ்வொலிகளே பாட்டை வாழ்விக்கின்றன எனலாம்.

மலையை யானையாகவும் அதன்கண் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் கொண்டமையால், பாட்டு மலைபடுகடாம் எனப் பெயர் பெற்றது. நஞ்சுண்ட இறைவன் உறையும் மலையெனப் போற்றிய அதே பாட்டில், அம்மலையின் உலக்கைப் பாட்டுக்கும் அவர் இடமளித்தார். ஏட்டுச் சுவடிகளில் இருந்த அது, 1889-இல் உ. வே. சாமிநாதையரால் பத்துப்பாட்டுள் ஒன்றாக அச்சேறியது.