ம. சிங்காரவேலர்

ம. சிங்காரவேலர் (பெப்ரவரி 18, 1860 – பெப்ரவரி 11, 1946) சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், பகுத்தறிவுச் சிந்தனையாளர் ஆவார். தென்னிந்தியாவின் முதல் பொதுவுடைமையாளர் என அழைக்கப்படுகிறார். இந்தியாவில் முதன்முதலாக மே நாளைக் கொண்டாடியவர் என்ற அளவில் பலராலும் அறியப்படும் இவர், பள்ளிக்கல்வி வாய்க்காத எளிய மக்களுக்கு அறிவியலைத் தமிழில் எடுத்துரைத்த முன்னோடியும் ஆவார். சிந்தனைச் சிற்பி என்ற பட்டப்பெயர் இவருக்கு உண்டு.

பிறப்பும் கல்வியும்

சென்னைக் கடற்கரையை ஒட்டிய அயோத்தியாகுப்பத்தில் மீனவர் குடும்பம் ஒன்றில் வெங்கடாசலம், வள்ளியம்மை இணையருக்குப் பிறந்தார். சார்லசு டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் இலண்டனில் வெளியாகி அப்பொழுது மூன்று மாதங்கள்கூட நிறைவடையவில்லை. பிற்காலத்தில் அந்நூலின் கருத்துகளைச் சென்னை மக்களுக்குத் தமிழில் விளக்கியவர்களுள் இவர் முதன்மையானவர் என்பதால் இப்பொருத்தம் குறிப்பிடத்தக்கது.

1881-இல் மெட்ரிக்குலேசன் தேர்விலும், 1884-இல் சென்னை கிறித்தவக் கல்லூரியில் எஃப். ஏ. தேர்விலும் தேர்ச்சி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டப் பட்டத்தை 1907-இல், தமது 47-ஆம் அகவையில் பெற்று உயர் நீதிமன்ற வழக்கறிஞரானார். இடைப்பட்ட ஆண்டுகளில் வணிகத்தில் ஈடுபட்டிருந்தார். 1902-இல் அரிசி வணிகத்தின் பொருட்டு இங்கிலாந்து சென்று சிலகாலம் தங்கினார். அங்கும் இங்கும் சேர்த்த நூல்களால் இவரது இல்லம் ஒரு பெரிய நூலகமாகவே விளங்கியது. கல்லூரிப் படிப்பைக் காட்டிலும் இந்நூல்களே இவரை உருவாக்கின எனலாம்.

பௌத்த சங்கச் சொற்பொழிவுகள்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பௌத்த மறுமலர்ச்சி இயக்கம் வலுப்பெற்றது. அயோத்திதாசப் பண்டிதர், இயற்பியல் பேராசிரியரும் பௌத்தம் குறித்து 1907-இல் ஆங்கில நூல் வெளியிட்டவருமான பி. லட்சுமி நரசு ஆகியோருடன் சிங்காரவேலரும் அதில் பங்கேற்றார். மகாபோதி சங்கத்தின் சார்பில் இவர் நடத்திய கூட்டங்களில் புத்தரின் அறத்தோடு டார்வினின் படிவளர்ச்சிக் கொள்கையும் இடம்பெற்றது.

இக்கூட்டங்களுக்கு எதிர்ப்பும் இருந்தது. மனிதனும் பிற விலங்குகளும் பொதுவான மூதாதையரிலிருந்து தோன்றியவர்கள் என்ற செய்தி, படைப்புக் கதைகளில் நம்பிக்கை கொண்டிருந்தோருக்கு இறைநிந்தனையாகவே தோன்றியது. சைவப் பற்று மிகுந்த இளைஞராக இருந்த திரு. வி. கலியாணசுந்தரனார் தம் நண்பர்களுடன் இக்கூட்டங்களில் குழப்பம் விளைவிக்கும் நோக்கத்துடனேயே சென்றார். ஆனால் சிங்காரவேலரின் டார்வின் விளக்கம் அவரை ஈர்த்துவிட்டது. சைவத்தைக் கைவிடாமலேயே அவர் சிங்காரவேலரின் மாணவரானார். பின்னர் தொழிலாளர் இயக்கத்தில் இருவரும் ஒரே மேடையில் நின்றனர். கலகம் செய்ய வந்தவரை மாணவராக்கிய இந்நிகழ்வு, சிங்காரவேலரின் எடுத்துரைக்கும் திறனுக்குச் சிறந்த சான்றாகும்.

இங்கிலாந்தில் டி. எச். ஹக்ஸ்லி 1862-இல் இலண்டன் தொழிலாளர்களுக்கு டார்வின் கொள்கையை விளக்கி ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். சிங்காரவேலரின் பணி அதனோடு ஒப்பிடத்தக்கது. எனினும் ஹக்ஸ்லிக்கு இல்லாத இடர் ஒன்று இவருக்கு இருந்தது. பேச வேண்டிய பொருளுக்கான கலைச்சொற்கள் தமிழில் அப்பொழுது நிலைபெறவில்லை.

அரசியல் வாழ்வு

காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தில் இணைந்த சிங்காரவேலர், 1921-இல் தமது வழக்கறிஞர் அங்கியைப் பொதுமக்கள் முன்னிலையில் தீயிட்டு எரித்து, நீதிமன்றப் பணியைக் கைவிட்டார். அதே ஆண்டு நடந்த பக்கிங்காம் கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றார். 1922-இல் கயையில் நடந்த காங்கிரசு மாநாட்டில் தம்மைப் பொதுவுடைமையாளர் என வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு உரையாற்றினார். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இவரது ஏற்பாட்டில் இரு இடங்களில் மே நாள் கூட்டங்கள் நடைபெற்றன. அவற்றுள் ஒன்று உயர் நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையில் நடந்தது.

1925 திசம்பரில் கான்பூரில் நடந்த முதல் இந்தியப் பொதுவுடைமையாளர் மாநாட்டுக்குச் சிங்காரவேலர் தலைமை வகித்தார். 1928-இல் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தின் தொடர்பில் கைதாகி, பத்தாண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு, 1930-இல் விடுதலையானபொழுது இவருக்கு அகவை எழுபது.

குடியரசு இதழில் அறிவியல்

பெரும்பாலோர் ஓய்வெடுக்கும் அந்த அகவையில்தான் இவரது எழுத்துப்பணி உச்சம் பெற்றது. 1931 முதல் ஈ. வெ. இராமசாமியின் குடியரசு இதழில் தொடர்ந்து எழுதினார். உலகின் தோற்றம், உயிரின் தோற்றம், மூளையும் மனமும், கனவு, பேய் நம்பிக்கை, சோதிடம், ஐன்சுடைனின் சார்புக் கொள்கை என இவர் தொடாத துறை குறைவு. பேய் பிடித்தல் என்று ஊரார் சொல்வதை எள்ளி நகையாடுவதோடு நிறுத்தாமல், உளவியல் அதற்குத் தரும் விளக்கத்தையும் எழுதியது இவரது தனிச்சிறப்பு. வெறும் கேலி யாரையும் மாற்றுவதில்லை என்பதை இவர் அறிந்திருந்ததாகத் தோன்றுகிறது.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேரை எட்டவில்லை. எனவே இக்கட்டுரைகளை நேரடியாகப் படித்தோர் சிலரே. படிப்பகத்திலோ தேநீர்க் கடையிலோ ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது அக்கால வழக்கம். இவரது நடையிலும் மேடைப் பேச்சின் சாயலைக் காணலாம். விஞ்ஞானம், பிரபஞ்சம், பரிணாமம் போன்ற வடசொற்களையும், தேவையான இடங்களில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலும் தயக்கமின்றிக் கையாண்டார். அறிவியல், அண்டம், படிவளர்ச்சி என எழுதிப் பழகிய இக்கால மாணவர்களுக்கு அந்நடை சற்று அயலாகத் தோன்றக்கூடும். அக்கட்டுரைகளின் செய்திகள் அனைத்தும் இன்றைய அறிவியலோடு பொருந்தும் எனவும் எதிர்பார்க்க இயலாது. மரபணுவின் கட்டமைப்பு கண்டறியப்பட்டது 1953-இல், இவரது மறைவுக்குப் பின்னரே ஆகும்.

1932 திசம்பரில் ஈரோட்டில் சுயமரியாதை இயக்கத்துக்கான சமதர்மத் திட்டம் வகுக்கப்பட்டதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆங்கிலேய அரசின் அடக்குமுறை கடுமையானதைத் தொடர்ந்து இயக்கம் அத்திட்டத்தைத் தளர்த்தியது. கருத்து வேறுபாட்டால் சிங்காரவேலரும் ப. சீவானந்தம் முதலியோரும் விலகினர். பலரையும் எட்டிய ஓர் இதழை இதனால் சிங்காரவேலர் இழந்தார். தமிழில் அறிவியல் பரப்பிய முயற்சிக்கு இது ஒரு பேரிழப்பு என்றே கூற வேண்டும். 1935-இல் புதுஉலகம் என்ற இதழைத் தாமே தொடங்கி, அதிலும் அறிவியல் கட்டுரைகளை எழுதினார்.

இறுதிக் காலம்

முதுமையிலும் படிப்பதை இவர் நிறுத்தவில்லை. 1945-இல், 85-ஆம் அகவையில், சென்னை அச்சகத் தொழிலாளர்களின் கூட்டத்தில் கலந்துகொண்டு உரையாற்றினார். நூல்களை அச்சுக் கோத்தவர்கள் முன்னிலையில் நிகழ்ந்த அவ்வுரை இவரது கடைசிப் பொதுச் சொற்பொழிவுகளுள் ஒன்றாகும். அடுத்த ஆண்டு பெப்ரவரி 11 அன்று சென்னையில் காலமானார்.

சென்னை இராசாசி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை எனப் பெயரிடப்பட்டுள்ளது. இதழ்களில் சிதறிக் கிடந்த இவரது கட்டுரைகள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டு நூல்களாக வெளிவந்துள்ளன.