கதவோரம் அழுதவர்

போன விசாக தினத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சமய வகுப்பில் ஒரு தம்பி என்னிடம் புத்தர் எழுதின புத்தகத்தின் பேர் என்ன என்று கேட்டான். அவர் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அப்புறம் அவர் சொன்னது எப்படிக் கிடைச்சது என்று மறுபடி கேட்டான். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அன்றைக்கு ராத்திரியே தேட உட்கார்ந்தேன். தேடிப் போனது புத்தரை. மனசில் நின்றவர் ஆனந்தர்.

புத்தரின் கதை நமக்குத் தெரிந்ததுதான். 29 வயதில் அரண்மனையை விட்டார், 35 வயதில் ஞானம் பெற்றார், அதன்பின் 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தே போதித்தார். அந்த நடையில் கடைசி 25 ஆண்டுகள் கூடவே இருந்தவர் ஆனந்தர். சாக்கிய குலத்துச் சொந்தக்காரர். தண்ணீர் கொண்டுவருவது, படுக்கை விரிப்பது, பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போவது எல்லாம் அவர் வேலை. இதற்கு அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று: தான் இல்லாத இடத்தில் புத்தர் ஏதாவது போதித்தால், திரும்பி வந்து அதைத் தனக்கும் சொல்ல வேண்டும். இந்த ஒரு நிபந்தனையால்தான் பின்னால் எல்லாமே பிழைத்தது.

80 வயதில், வைசாலிக்குப் பக்கத்து பேலுவ கிராமத்தில், மழைக்காலத்தில் புத்தருக்குக் கடுமையான நோய் வந்தது. அடுத்த தலைவர் யாரென்று சொல்லாமல் போகமாட்டார் என்று ஆனந்தர் நம்பிக்கொண்டிருந்தார். புத்தரோ, தான் எதையும் கைக்குள் மூடி வைக்கவில்லை, இனி அவரவருக்கு அவரவரும் அறமும்தான் துணை என்று சொல்லிவிட்டார். வாரிசே கிடையாது! ஒரு சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தால் நாம் படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள்.

பாவா என்ற ஊரில் சுந்தன் என்னும் கொல்லன் விருந்து வைத்தான். அது பன்றி இறைச்சியா, காளானா என்று அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. சாப்பிட்டபின் இரத்தபேதி. அந்த வலியிலும் புத்தர் கவலைப்பட்டது சுந்தனுக்காகத்தான். அவனை யாரும் பழிக்கக்கூடாது, ஞானம் பெறுவதற்கு முன் உண்ட உணவுக்கு என்ன புண்ணியமோ அதேதான் இதற்கும் என்று அவனிடம் சொல்லச் சொன்னார்.

குசிநகரத்தில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே படுத்தார். ஆனந்தர் உள்ளே போய், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறவன், தன்மேல் இரக்கம் வைத்த குரு போகிறாரே என்ற அழுகை. புத்தர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். பிரிவு வந்தே தீரும் என்று ஆறுதல் சொல்லி, எல்லார் முன்னாலும் அவருடைய பணிவிடையைப் பாராட்டினார். அன்று இரவே பரிநிர்வாணம்.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் புதுசு. வயதான துறவி ஒருவர், இனி நம்மைக் கட்டுப்படுத்த ஆளில்லை, இஷ்டம்போல் இருக்கலாம் என்று சந்தோஷப்பட்டாராம். அதைக் கேட்ட மகாகாசியபருக்குக் கவலை வந்துவிட்டது. போதனை கலைந்து போவதற்குள் எல்லாரும் கூடி ஓதிச் சரிபார்க்க வேண்டும் என்று ராஜகிருகத்தில் 500 பேர் சபை ஏற்பாடானது. வருகிறவர்கள் எல்லாரும் அரகந்தர், அதாவது முழு ஞானம் பெற்றவர்கள். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்த ஆனந்தர் மட்டும் இன்னும் அந்த நிலையை அடையவில்லை.

சபைக்கு முதல் நாள் இரவு முழுக்க அவர் முயன்றார். விடியும் நேரம், களைத்துப்போய்ப் படுக்கச் சாய்ந்தார். தலை தலையணையில் படவில்லை, கால் தரையை விட்டு எழும்பியிருந்தது. அந்த இடைவெளியில் ஞானம் வந்தது என்கிறது மரபு.

சபையில் ஒழுக்க விதிகளைச் சொன்னவர் உபாலி. துறவியாகும் முன் முடிதிருத்துபவராக இருந்தவர். போதனைகளைச் சொன்னவர் ஆனந்தர். அதனால்தான் சூத்திரங்கள் ஒவ்வொன்றும் தான் கேட்டது இப்படி என்று ஒருவர் சாட்சி சொல்வதுபோலத் தொடங்குகின்றன. அதே சபையில் அவர்மேல் குற்றமும் சாட்டினார்கள். புத்தரின் துணியைத் தைக்கும்போது காலால் மிதித்தாராம். பெண்களுக்குத் துறவு கிடைக்கப் பரிந்து பேசினாராம். எனக்கு இங்கேதான் கோபம் வருகிறது. ஆனந்தருக்கு வரவில்லை. இதில் தனக்குத் தவறு தெரியவில்லை, ஆனாலும் பெரியவர்கள்மேல் உள்ள மதிப்பால் ஒப்புக்கொள்கிறேன் என்றார்.

அதன்பிறகு சில நூற்றாண்டுகள் எல்லாம் வாய்வழிதான், நம்ம வேதம் மாதிரி. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவது மனப்பாடத்துக்காகவே. கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் போரும் பஞ்சமும் வந்து, ஓதுகிற துறவிகளே செத்துக்கொண்டிருந்தபோதுதான் ஏட்டில் எழுதினார்கள். மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் என்பது மரபு. அந்தப் போரில் படையெடுத்துப் போனவர்கள் தமிழர்கள். பல நூற்றாண்டு கழித்து, காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்துகொண்டு பௌத்தத்துக்குப் பாலியில் நூல் எழுதிய புத்ததத்தரும் சோழநாட்டுக்காரர்தான்.

அடுத்த ஞாயிறு இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, துணியை மிதிச்சதுக்கெல்லாமா அண்ணே திட்டுவாங்க என்றான்.