கற்பிட்டி சைமன் காசிச்செட்டியார் சரித்திரம்

ஒருபால் கடலும் ஒருபால் களப்புஞ் சூழ, புத்தளம் நாட்டின் மேலைக்கரையிலே நீண்டு கிடக்கும் மணற்றரையில் உள்ளது கற்பிட்டி. ஒல்லாந்தர் கட்டிய கோட்டை அங்கே இன்றும் நிற்கின்றது. அவ்வூரிலே 1807ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆந் திகதி, செட்டி மரபிலே பிறந்தவர் சைமன் காசிச்செட்டியார். நம் ஆசிரியர்கள் இவரைத் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினவர் என்ற அளவில் அறிவர். இவர் இலங்கைச் சட்டநிருபண சபையிலே ஏழாண்டு அங்கத்தவராய் வீற்றிருந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்களும் அதனை ஒரு பட்டம்போலச் சொல்லி அப்பாற் செல்வர். அவ்வாசனம் எத்தன்மையது, அதிலிருந்து ஒருவர் செய்யக்கூடியது யாது என்பன ஆராயற்பாலன.

செட்டியார் தமிழும் ஆங்கிலமும் நன்கு கற்று, பதினேழாம் வயதிலே, 1824இல், புத்தளத்தில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராயினார், 1828இல் மணியகாரரானார். மணியகாரர் தொழிலைச் சிறிதென்று எண்ணற்க. வெள்ளைக்கார அதிகாரிக்குக் குடிகளின் சொல்லும், குடிகளுக்கு அதிகாரியின் கட்டளையும் அவர் வாயிலாகவே சென்றன. அந்நாட்டிலே உப்பு விளையும் வாய்க்கால்கள் மிகுதி. ஆயினும் உப்பு வாணிகம் அரசாங்கத்தின் தனியுரிமை. தன் வாசலிலே விளைந்த உப்பைத் தன் விருப்பப்படி விற்கவியலாத குடியானவன் முறையிட வருமிடம் மணியகாரர் வீட்டுத் திண்ணையன்றி வேறியாது? ஊர்களையும் ஆறுகளையும் கோயில்களையும் சாதிகளையும் அகரவரிசைப்படுத்தி இவர் எழுதிய இலங்கை அகராதி 1834இல் வெளிவந்தபோது இவருக்கு வயது இருபத்தேழே. நாட்டை அளந்தறிந்தவர் என்னும் பெயர் இவருக்கு அதனால் நிலைத்தது.

இதற்கு முந்திய ஆண்டிலேதான் கோல்புறூக், கமறன் என்னும் விசாரணைத் துரைமாரின் ஆலோசனைப்படி சட்டநிருபண சபை நிறுவப்பட்டது. அதுகாறும் தேசாதிபதி சொல்லே சட்டம். புதிய சபையிலே உத்தியோகத்தர் ஒன்பதின்மர், உத்தியோகமற்றோர் அறுவர். அவ்வறுவருள் ஐரோப்பியர் மூவர்; சிங்களர், பறங்கியர், தமிழர் ஒவ்வொருவர். அவர்களைத் தெரிந்தெடுத்தவர் தேசாதிபதியே. சபைக்குத் தலைமை வகித்தவரும் அவரே. கணக்கப்பிள்ளையின் கணக்கைப் பார்க்கக் கணக்கப்பிள்ளையே ஆள் வைத்ததுபோல் என்க. தமிழர் ஆசனத்தில் முதலில் அமர்ந்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனுடைய பாட்டனாராகிய குமாரசுவாமி முதலியார். அவர் 1836இல் காலமாக, 1838இல் அவ்விடத்துக்குச் செட்டியார் நியமனம் பெற்றார்.

மணியகாரராய் அதிகாரிகளின் கட்டளைக்கு அடங்கிப் பழகினவர், இப்போது அவ்வதிகாரிகளின் மேலோரோடு ஒரே மண்டபத்தில், அவர்கள் செய்கையை ஆராயும் உரிமையோடு அமர்ந்தார். உரிமை பேசுதற்கு இருந்தது, வெல்லுதற்கு இல்லை. அறுவரும் ஒருமித்து நின்றாலும் ஒன்பதின்மர் கை உயரும். அரசாங்கத்தை வன்மையாகத் தாக்கிப் புகழ்பெற்றவர்களோடு இவரை வைத்து எண்ணுதல் பொருந்தாது. இவருடைய வன்மை அறிவு கொடுத்தலிலே இருந்தது. 1841இல் உதயாதித்தன் என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கியதும் அக்குணத்தாலேயாம். அது நெடுங்காலம் நில்லாது மறைந்தது.

1845இல் செட்டியார் அவ்வாசனத்தைத் துறந்து அரசாங்க சேவையிற் புகுந்தார். இலங்கையருக்கு அரிதாயிருந்த பதவி அது. இதனை உயர்வென்பார் பலர். எமக்கோ சிறிது மனக்குறை உண்டு. ஆராயவேண்டியவருள் ஒருவர் ஆராயப்படுவோர் வரிசைக்கு மாறினார். அம்மாற்றத்தைத் தரவல்லவர் தேசாதிபதி. சம்பளமில்லாத ஆசனத்தையும் சம்பளமுள்ள பதவியையும் ஒரே கை வழங்குமாயின், ஆசனத்திலிருப்பவர் எவ்வளவு நேர்மையுடையவராயினும் அவர் நாவுக்கு ஒரு கட்டு உண்டாகும். இது செட்டியார் குற்றமன்று. சபையின் அமைப்பிலேயுள்ள குற்றம்.

அக்குற்றம் மூன்றாண்டில் வெளிப்பட்டது. 1848இல் தொறிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்க அல்லது பணமிறுக்க என்றும் சட்டமியற்றினார். சபை இவற்றை நிறைவேற்றிக் கொடுத்தது. மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் மூண்டது. ஜூலை 29ஆந் திகதி தொடங்கி அக்டோபர் 10ஆந் திகதிவரை கண்டிநாட்டில் இராணுவச் சட்டம் நின்றது. கலகம் அடங்கிய பின்னரும் இராணுவ மன்றுகள் மரணத் தண்டனை விதித்தன. கடஹபொல தேரர் என்னும் பௌத்த துறவி தம் காவியுடையோடே சுடப்பட்டார். இவற்றைக் கொழும்புச் சபை தடுக்கவில்லை. பத்திரிகைகள் முழங்கவும் முறைப்பாடுகள் கடல் கடந்து செல்லவும், 1849இல் இங்கிலாந்துப் பாராளுமன்றப் பொதுச்சபை ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. சாட்சிகள் பலர் அழைக்கப்பட்டனர். 1850இல் தொறிங்டன் பதவி நீங்கிச் சென்றார். தூரதேசத்துச் சபை செய்ததை உள்ளூர்ச் சபை செய்யாமைக்குக் காரணம், அங்கே அங்கத்தவரை நியமித்தவர் தேசாதிபதியல்லர் என்பதே.

செட்டியார் 1852இல் சிலாபத்து நீதிபதியாயினார். முன்னேசுவரத்துக்கு அணித்தாகிய அவ்வூரிலிருந்துகொண்டே, நீதிமன்ற வேலை ஒழிந்த பொழுதுகளிலே, ஏடுகளையும் செவிவழிச் செய்திகளையுந் திரட்டி, ஏறத்தாழ இருநூறு புலவர் வரலாறுகளை எழுதினார். அந்நூல் 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. அவர் கிறிஸ்தவர்; ஆயினும் நாயன்மார் முதலிய சைவச் சான்றோரையும் ஒதுக்காது சேர்த்தார். 1886இல் சதாசிவம்பிள்ளை வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகத்துக்கு வழிகாட்டியும் அதுவே. இக்காலத்து ஆராய்ச்சியாளர் அதிற் பிழைகள் பல கண்டுள்ளார். முதன்முதற் காடு வெட்டினவர் வகுத்த பாதை வளைந்திருத்தல் இயல்பு.

நூல் வெளிவந்த மறுவருடம், 1860ஆம் ஆண்டு நவம்பர் 5ஆந் திகதி, ஐம்பத்துமூன்றாம் வயதிலே, பதவியிலிருக்கையிலேயே செட்டியார் காலமாயினார். நான்காண்டின் பின், 1864இல், படைச்செலவுபற்றி எழுந்த வழக்கிலே, லொறென்சு முதலிய உத்தியோகமற்ற அங்கத்தவர் பலர் தம் ஆசனங்களைத் துறந்து சபையை விட்டு வெளியேறினர். அவர்கள் எந்த உத்தியோகத்துக்காகவும் துறந்தாரல்லர்.