தோற்றும் வென்ற ஆசான்

கூடைப்பந்தாட்டத்தை உலகுக்கு ஈந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861இல் கனடாவிற் பிறந்தார். ஒன்பது வயதிற் பெற்றோரை இழந்து, தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தார். 1891 மார்கழியில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலே, குளிரினால் மண்டபத்துள் முடங்கிய மாணவர்க்காக இரு பழக்கூடைகளைக் கட்டி, 13 விதிகளுடன் இவ்வாட்டத்தை வகுத்தார்.

1898 முதல் 1907 வரை கன்சாஸ் பல்கலைக்கழகக் குழுவுக்குப் பயிற்சியளித்தார். வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. அங்கே வெற்றியினுந் தோல்வி மிகுந்த பயிற்சியாளர் இவரொருவரே.

முதுமையில், கறுப்பினத்தவர் என்பதால் அக்குழுவிற் சேர்க்கப்படாத ஜோன் மக்லெண்டன் என்னும் மாணவரை அரவணைத்துப் பயிற்சிக்கலையைப் போதித்தார். நெய்ஸ்மித் 1939இல் மறைந்தார். அம்மாணவரோ பயிற்சியாளராகி, 1957, 1958, 1959 ஆகிய மூவாண்டும் தம் கல்லூரிக் குழுவைத் தேசிய வாகை சூடச் செய்தார். தோல்வி கண்டு துவளும் இளைஞர் இவ்வாசானை நினைவாராக!