வரைபடம் தேவைப்படாத ரோடு

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தை நம் குடியிருப்பில் பெரியவர்கள் தியேட்டரிலும் மற்றவர்கள் டிவியிலும் பார்த்திருப்பீர்கள். 1962-இல் வந்தது. பாலைவனம், ஒட்டகம், வெள்ளை அங்கி எல்லாம் மனதில் நின்றிருக்கும். ஆனால் படம் தொடங்குவது பாலைவனத்தில் இல்லை. ஒருவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு இங்கிலாந்தின் கிராமத்து ரோட்டில் போகிறார், விழுகிறார். அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காட்சி கற்பனை அல்ல.

போன மாதம் பார்க்கிங்கில் நம் இளைஞர்கள் சிலர் பைக் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மலையில் சிக்னல் இல்லாவிட்டால் வழி எப்படித் தெரியும் என்பதுதான் அவர்கள் கவலை. அதைக் கேட்டபோது எனக்கு லாரன்ஸ் ஞாபகம் வந்தது. வழி கண்டுபிடிப்பதையே பாதி வாழ்க்கையாகக் கொண்டவர் அவர்.

தாமஸ் எட்வர்டு லாரன்ஸ் 1888 ஆகஸ்ட் 16 அன்று வேல்ஸில் பிறந்தார். வளர்ந்தது ஆக்ஸ்ஃபோர்டில். ஆள் உயரம் கம்மி, ஐந்தரை அடிக்கும் குறைவு. 1908 கோடையில், இருபது வயதை எட்டும் சமயத்தில், பழைய கோட்டைகளைப் பார்ப்பதற்காக பிரான்ஸ் முழுக்க சைக்கிளில் சுற்றினார். ஏறக்குறைய 2,400 மைல், அதாவது 3,800 கிலோமீட்டருக்கு மேல். அடுத்த வருடம் சிரியாவில் சிலுவைப்போர்க் கோட்டைகளைத் தேடி ஆயிரம் மைல் போல நடந்தே போனார். வெயில் காலத்தில் அங்கே நடக்காதே என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லியும் கேட்கவில்லை.

வரைபடம் அவருக்குத் தொழிலானது 1914-இல். அப்போது கார்கெமிஷில் அகழாய்வுக் குழுவில் இருந்தார். ஜனவரியில் அவரையும் உடன் வேலை செய்த லியோனார்டு வூலியையும் பேர்ஷெபாவுக்குத் தெற்கே இருந்த பாலைநிலத்துக்கு அனுப்பினார்கள். வெளியே சொன்ன காரணம் பைபிள் காலத்து இடங்களை ஆராய்வது. உண்மையில் கேப்டன் நியூகோம்ப் தலைமையில் பிரிட்டிஷ் ராணுவத்தினர் அந்தப் பகுதியை அளந்துகொண்டிருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ஒரு மறைப்பு. அதே வருடம் போர் வந்ததும் லாரன்ஸை லண்டனில் ராணுவ வரைபடப் பிரிவில் சேர்த்தார்கள். டிசம்பரில் கெய்ரோவுக்குப் போய் அங்கும் வரைபட வேலையே பார்த்தார். அரபு ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், அதை ஒழுங்கு செய்வதே பெரிய தலைவலி. (பிற்பாடு தன் சொந்தப் புத்தகத்தில் அவரே ஒரே பெயரைப் பல விதமாக எழுதினார். அச்சுப் பிழை பார்த்தவர் கேட்டபோதும் மாற்றவில்லை!)

1917 மே மாதம் செங்கடல் கரையிலிருந்த வெஜ் என்ற ஊரிலிருந்து ஒட்டகங்களில் புறப்பட்டு, உள்நாட்டுப் பாலைவனத்தைச் சுற்றிக்கொண்டு, ஜூலை 6 அன்று அரபுப் படையுடன் அகாபா துறைமுகத்துக்குள் நுழைந்தார். கடல் வழியாக வராமல் நிலத்தின் பக்கமாக வந்தார்கள். இரண்டு மாதப் பயணம். காகிதத்தில் இல்லாத பல விஷயங்கள் அங்கே தேவைப்பட்டன. எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கும், எந்தப் பள்ளத்தாக்கு யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் அவுதா அபூ தாயி போன்ற பழங்குடித் தலைவர்களுக்கும் அவர்கள் ஆட்களுக்கும்தான் தெரியும். லாரன்ஸின் திறமை, அவர்களிடம் கேட்டு நடந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தில் இது சரியாக வரவில்லை.

போருக்குப் பின் அரபு மக்களுக்குக் கொடுத்த வாக்கு காற்றில் போனது. கர்னல் வரை உயர்ந்தவர், 1922-இல் பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் கடைநிலை ஆளாகச் சேர்ந்தார். பத்திரிகைகள் கண்டுபிடித்துவிட்டதால் வெளியேற்றினார்கள். அடுத்து டேங்க் படையில் ஷா என்ற பெயரில் சேர்ந்தார். 1925-இல் மீண்டும் விமானப்படை. அங்கிருந்து இரண்டு வருடம் போல கராச்சியிலும், ஆப்கன் எல்லையோரம் மிரான்ஷாவிலும் இருந்தார்.

இந்தக் காலம் முழுக்க, இந்தியாவில் இருந்த காலம் தவிர, அவருக்கு மிச்சமிருந்த சந்தோஷம் பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிள். நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் பிரஃப் என்பவர் செய்த வண்டி. இரண்டு சிலிண்டர், ஆயிரம் சிசியை ஒட்டிய எஞ்சின். எஸ்எஸ்100 மாடல் மணிக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர் போகும் என்று உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள். லாரன்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வண்டி வைத்திருந்தார், எட்டாவது தயாராகிக்கொண்டிருந்தது. 1922-லிருந்து 1926 வரை மட்டும் ஐந்து வண்டிகளில் ஒரு லட்சம் மைல் ஓட்டிவிட்டதாக ஜார்ஜ் பிரஃபுக்குக் கடிதம் எழுதினார். கிலோமீட்டரில் 1,60,000.

அந்த வண்டியை ஓட்டுவது நம் செல்ஃப் ஸ்டார்ட் போல அல்ல. கார்புரேட்டரில் பெட்ரோலைச் சற்றே வழியவிட்டு, ஸ்பார்க் நேரத்தை கைப்பிடியில் உள்ள லீவரால் பின்தள்ளி, பிறகு உதைக்க வேண்டும். லீவரைச் சரியாக வைக்காவிட்டால் வண்டி திருப்பி உதைக்கும். கியர் காலில் இல்லை, டேங்க் பக்கத்தில் கையால் போடுவது. வழிக்கு, துணி ஒட்டி மடித்த வரைபடங்கள் கிடைக்கும். பார்த்தலமியூ நிறுவனத்தார் அரை அங்குலத்துக்கு ஒரு மைல் என்று போட்ட வரைபடத்தில் மேடு பள்ளத்துக்குத் தனித்தனி வண்ணம். சைக்கிள்காரர்களுக்கு ஏற்றம் எங்கே என்று முன்பே தெரிந்துவிடும். ஓட்டிக்கொண்டே அதைப் படிக்க முடியாது. புறப்படும்முன் ஊர்ப் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு, கைகாட்டி மரங்களைப் பார்த்துப் போவதுதான் வழக்கம். ரோடுகளுக்கு எண் கொடுக்கும் ஏற்பாடே அங்கு 1920-களின் தொடக்கத்தில்தான் வந்தது.

1926-இல் வழியில் நின்றுபோன ஒரு காருக்கு உதவப் போய், கிராங்க் கம்பி திருப்பியடித்து லாரன்ஸின் வலது கை உடைந்தது. பழைய அம்பாசடர் வைத்திருந்த பெரியவர்களுக்கு இது புரியும். கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைக்கச் சொல்லி என் அப்பா திட்டியது இன்னும் காதில் கேட்கிறது.

கடைசி வருடங்களில் விமானப்படைக்கான வேக மீட்புப் படகுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தார். 1935 பிப்ரவரியில் ஓய்வு. யார்க்‌ஷயர் கடற்கரையிலிருந்து தெற்கே கிளம்பியது, வேடிக்கை, சைக்கிளில்! டோர்செட்டில் கிளவுட்ஸ் ஹில் என்ற சின்ன வீடு அவருடையது. பக்கத்திலேயே, ஒன்றிரண்டு மைல் தூரத்தில், பாவிங்டன் ராணுவ முகாம்.

மே 13 காலை முகாம் தபால் நிலையத்துக்கு வண்டியில் போனார். நண்பரான எழுத்தாளர் ஹென்றி வில்லியம்சனுக்கு, சாப்பிட வரச் சொல்லி ஒரு தந்தி. அதை அனுப்பிவிட்டுத் திரும்பினார். ரோட்டில் ஒரு பள்ளம். அதற்குள் இரண்டு பையன்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது தூரத்திலிருந்து தெரியவில்லை. தெரிந்ததும் வண்டியை ஒடித்தார். பையன்களுக்குப் பெரிய காயமில்லை. லாரன்ஸ் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டார். வண்டி இரண்டாவது கியரில் இருந்தது, அதனால் அவருடைய வழக்கமான வேகத்தில் அவர் வந்திருக்க முடியாது. கறுப்புக் கார் ஒன்று வந்தது, சதி என்றெல்லாம் இன்றும் எழுதுகிறார்கள். விசாரணையில் விபத்து என்றே முடிவானது. தலையில் ஹெல்மெட் இல்லை. அந்தக் காலத்தில் பந்தயக்காரர்கள்தான் அதை அணிவார்கள். ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து மே 19 அன்று இறந்தார். வயது 46.

பார்க்க வந்த மருத்துவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் ஒருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்த இளம் மூளை அறுவை நிபுணர். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அதை அத்துடன் விடவும் இல்லை. அடுத்த போரில் ராணுவத் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரர்கள் தலை அடிபட்டுச் சாவதைக் கணக்கெடுத்தார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் மட்டும் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களும் ரோட்டில் இறந்திருந்தார்கள். 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார். ஹெல்மெட்டோடு விழுந்தவர்கள் ஏழு பேர்தான் அவருக்குக் கிடைத்தார்கள். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். அடுத்த மாதமே ராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குச் சட்டம் வர 1973 ஆனது. கெய்ர்ன்ஸ் 1952-லேயே காலமாகிவிட்டார்.

பால் வாங்கப் பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று ஹெல்மெட்டை ஷூ ரேக் மேல் வைத்துவிட்டுப் போகிறவன் நானும்தான். இதை எழுதும்போது அதைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

லாரன்ஸின் அந்த ஏழாவது வண்டிக்கு, ஜிடபிள்யூ 2275, அதிக சேதமில்லை. தொழிற்சாலையில் சரிசெய்து வேறொருவருக்கு விற்றார்கள்.