கடிவாளம் பிடித்த கைகள்

மனம் சோர்ந்த இளையோரைக் குதிரைகளோடு பழகவிட்டுத் தன்னம்பிக்கை ஊட்டும் சிகிச்சைமுறை இன்று பல நாடுகளில் உள்ளது. அதைப்பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருபவர் அன்னா சூவெல் என்ற ஆங்கிலப் பெண்மணி.

1820 மார்ச் 30ஆந் திகதி, இங்கிலாந்தின் கரையோர நகரான கிரேட் யார்மத்தில் அவர் பிறந்தார். தாயார் மேரியும் ஓர் எழுத்தாளர். 12 வயது வரை தாயாரே அவருக்கு ஆசிரியை. பின்னர் பாடசாலை சென்றார். 14 வயதில், பாடசாலை விட்டு வீடு திரும்பும் வழியில் வழுக்கி விழுந்தார். இரு கணுக்கால்களும் பாதிக்கப்பட்டன. அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோலின்றி நிற்கவோ, நெடுந்தூரம் நடக்கவோ அவரால் முடியவில்லை.

14 வயதென்றால் நமது கல்லூரியில் தரம் 9 மாணவியின் வயது. அந்த வயதில் நடை போனால் நம்மில் எத்தனை பேர் மூலையில் முடங்கிப் போவோம் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. அன்னா முடங்கவில்லை. குதிரை வண்டி ஓட்டினார். வேலைக்குச் செல்லும் தந்தையைப் புகையிரத நிலையத்தில் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் அவர் பணியாயிற்று. பிறர் தாங்கிச் செல்லவேண்டிய மகள், தந்தையை ஏற்றிச் செல்லும் மகளானார். கடிவாளத்தை இழுத்து அடக்காமல், குரலாலேயே குதிரையை நடத்துவார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதி வைத்துள்ளனர்.

குதிரை அச்சமும் நுண்ணுணர்வும் மிக்க பிராணி. நம் கையின் பதற்றத்தைக்கூட அது அறிந்துகொள்ளும். அதை அமைதிப்படுத்த வேண்டுமானால் முதலில் நாம் அமைதியடைய வேண்டும். இன்றைய சிகிச்சையின் அடிப்படையும் இதுவே.

அக்காலத்தில், தலை நிமிர்ந்து அழகாகத் தெரியவேண்டும் என்பதற்காகக் குதிரைகளின் தலையை வாரினால் இறுக்கிக் கட்டுவார்கள். அவை மூச்சுவிடவும் சிரமப்படும். இக்கொடுமை அன்னாவை உறுத்தியது. 1871இல், நோயுற்ற நிலையில், குதிரையே தன் கதையைச் சொல்வதாக ஒரு நாவலைத் தொடங்கினார். எழுத இயலாத நாட்களில் அவர் சொல்லச் சொல்லத் தாயார் எழுதினார். 1877இல் 'பிளாக் பியூட்டி' வெளிவந்தது. சில மாதங்களில், 1878 ஏப்ரலில், அன்னா காலமானார். அவர் எழுதிய ஒரே நாவல் அது. குதிரைகளை வேலைவாங்குவோருக்காக எழுதிய அந்நூல் கோடிக்கணக்கில் விற்பனையாகி, அவற்றின் துயரை உலகறியச் செய்தது.

வாயில்லாப் பிராணிகளிடம் இரக்கம் காட்டுமாறு நமது நபி (ஸல்) அவர்கள் கற்பித்த பாடத்தை அறிந்த நமக்கு, இவ்வாழ்க்கை அந்நியமானதன்று.

பெற்றோர்களே, சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது என்றே நான் கருதுகிறேன். அவளை நம்பி ஒரு பொறுப்பையும் கொடுங்கள். அன்னாவின் தந்தை ஒவ்வொரு நாளும் மகளின் வண்டியில் ஏறி அமர்ந்தார். அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய மருந்து!